குளங்கள் கணக்கெடுப்பு: போட்டோவில் உள்ள இடம் மேப்பில் தப்பாக விழுகிறது

குளத்தங்கரை (கேள்வி):

வணக்கம் மக்களே. குமரி மாவட்டத்துக் குளங்கள், மதகுகள், வழியோரக் கல்மண்டபங்கள், சுமைதாங்கிகள் எல்லாவற்றையும் படம் எடுத்து, இடத்தோடு சேர்த்து அட்டவணை போடும் வேலை நடக்கிறது. அகஸ்தீஸ்வரம், கல்குளம் தாலுகாக்கள் முடிந்தன. அடுத்து திருவட்டாறும் விளவங்கோடும். கையில் இருப்பவை ஏழெட்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன், ஜிபிஎஸ் இல்லாத ஒரு டிஎஸ்எல்ஆர். கேமரா துபாயிலிருந்து வந்தது. அதை வைத்திருப்பவர் போனில் ஜிபிஎக்ஸ் டிராக்கை (போன வழியை நேரத்தோடு பதியும் பைல்) ஓடவிட்டு, பிறகு டிஜிகேம் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் படங்களோடு பொருத்துகிறார்.

எல்லாவற்றையும் எக்செலில் சேர்த்து மேப்பில் ஏற்றினால் ஒரே குளறுபடி. நாகர்கோவில் நகரத்துக்குள் எடுத்த படம் குளச்சலுக்குத் தெற்கே கடலில் கிடக்கிறது. எக்செலில் இருக்கும் எண் 8.1058, 77.2443. வாட்ஸாப் குழுவில் வந்த படங்களில் இடமே இல்லை. டிஎஸ்எல்ஆரில் தக்கலையில் எடுத்தது வில்லுக்குறியில் விழுகிறது. காலையில் எடுத்த முதல் சில படங்களுக்கு இடம் ஒட்டவே இல்லை. சோதனைக்குச் சிதறால் மலைமேல் குடைவரைக்குள் எடுத்த படம் அடிவாரத்தைக் காட்டுகிறது. கன்னியாகுமரி கடற்கரையில் எடுத்ததில் உயரம் மைனஸ் 92 மீட்டராம். போன் ரிப்பேரா, நாங்கள் செய்வது தப்பா?

வள்ளியாறு:

கடலில் கிடப்பதை முதலில் கரையேற்றிவிடுவோம். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைப் பார்த்துத் தட்டியிருக்கிறீர்கள், சரியா? அங்கே 8; 10; 58 என்று அரைப்புள்ளி போட்டுக் காட்டும். அது பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்). யாரோ அதை அப்படியே ஒட்டி 8.1058 ஆக்கிவிட்டார். 77, 24, 43 என்பது 77.2443 ஆகிவிட்டது.

சரியான கணக்கு: கலையை 60-ஆல் வகுத்து, விகலையை 3600-ஆல் வகுத்து, இரண்டையும் பாகையோடு கூட்ட வேண்டும். 8 + 10/60 + 58/3600 = 8.1828. 77 + 24/60 + 43/3600 = 77.4119. இப்போது மேப்பில் போட்டுப் பாருங்கள், நாகர்கோவிலுக்குள் வந்து நிற்கும். ஒட்டிப் போட்டதால் தெற்கே எட்டரை கிலோமீட்டர், மேற்கே பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது.

எக்செலில் இன்னும் எத்தனை வரி இப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கலையும் விகலையும் 59-ஐத் தாண்டாது. அதனால் ஒட்டிப்போட்ட எண்ணில், புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கமும் அடுத்த இரண்டு இலக்கமும் 59-க்கு மேல் போகவே போகாது. ஒருவர் அனுப்பிய எல்லா வரிகளிலும் அப்படியே இருந்தால் அவர் விண்டோஸைப் பார்த்துத் தட்டியவர். ஒற்றை வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள்: 8.1828-இல் 18, 28 இரண்டுமே 59-க்குள்தான், ஆனாலும் அது உண்மையான தசம எண்.

எக்செல் கட்டத்தில் இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி வைத்து, பிறகு சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டும் இலக்கம்தான் தங்கும். நம் ஊரில் 0.01 பாகை என்பது ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. நான்கு தசமம் வைத்தால் 11 மீட்டர், ஐந்து வைத்தால் 1.1 மீட்டர். குளத்துக்கு ஐந்து போதும். போன் ஜிபிஎஸ்ஸே திறந்த வானத்தின் கீழ் 5 மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். எட்டு தசமம் எழுதுவது வெறும் அலங்காரம்.

இன்னொன்றும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். எக்ஸிஃபில், அதாவது படப் பைலுக்குள் கேமரா எழுதிவைக்கும் குறிப்புகளில், அட்சரேகை எண்ணோடு கூட்டல் கழித்தல் குறி கிடையாது. வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது தனி டேகில் (குறிப்புக் கட்டத்தில்) இருக்கும். படத்தின் அளவைச் சுருக்கும் சில செயலிகள் அந்த டேகை விட்டுவிடும். கிழக்கு மேற்காக மாறினால் உங்கள் குளம் பனாமா, கொலம்பியா எல்லையில் டேரியன் காட்டுக்குள் இருக்கும். வடக்கு தெற்காக மாறினால் டியேகோ கார்சியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில். இரண்டு எண்ணையும் இடம் மாற்றித் தட்டினால் ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடாவில் புள்ளி விழுந்தால் இரண்டும் சுழி, அதாவது இடம் பதிவாகவில்லை அல்லது வழியில் அழிந்துவிட்டது. புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

கோதையாறு பைக்:

டிஎஸ்எல்ஆர் விஷயம் நேரக் குழப்பம்தான் அண்ணாச்சி. துபாய் நேரம் யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 4 மணி நேரம் முன்னால், நம்முடையது ஐந்தரை. கேமரா கடிகாரம் இன்னும் துபாயிலேயே இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் பின்தங்கி. டிஜிகேம் அதை இந்திய நேரம் என்று நம்பி, ஒன்றரை மணி நேரம் முன்பு நீங்கள் நின்ற இடத்தை ஒட்டுகிறது. அதனால்தான் தக்கலைப் படம் வில்லுக்குறியில். காலைப் படங்களுக்கு அந்தக் கணக்குப்படி டிராக்கே தொடங்கவில்லை, எனவே ஒட்டவில்லை. குவைத், கத்தார், சவுதியிலிருந்து வந்த கேமராவாக இருந்தால் இரண்டரை மணி நேரம் வரும். நம் மாவட்டத்தில் பாதிக் கேமராவுக்கு இந்த வியாதி இருக்கும்.

ஏற்கனவே எடுத்த படங்களுக்கு: டிஜிகேமில் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் மெனுவில் எடிட் ஜியோலொக்கேஷன் திறங்கள். ஜிபிஎஸ் கோரிலேட்டர் பகுதியில் ஜிபிஎக்ஸ் பைலை ஏற்றுங்கள். கேமரா டைம் ஸோன் என்ற இடத்தில் சிஸ்டம் நேரத்தை விட்டுவிட்டு, கையால் +04:00 தேர்ந்தெடுங்கள். ஜிபிஎக்ஸ் பைலுக்குள் நேரம் எப்போதும் யுடிசியில்தான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். கோரிலேட் அழுத்திவிட்டு, உடனே சேமிக்காமல், இடம் உறுதியாகத் தெரிந்த நான்கைந்து படங்களை மேப்பில் பாருங்கள். சரியாக விழுந்தால் அப்ளை.

இனி எடுக்கப்போகும் படங்களுக்கு: கேமராவில் மணியை மட்டும் ஒன்றரை மணி நேரம் தள்ளி வைக்காதீர்கள். டைம் ஸோனையும் இந்தியாவுக்கு மாற்றுங்கள். 2016-இல் வந்த எக்ஸிஃப் 2.31 முதல், யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதத் தனி டேக் உண்டு. புதிய கேமராக்கள் அதை நிரப்பும். மணி நம் ஊர் மணி, டேக் துபாய் டேக் என்று இருந்தால், அந்த டேகை நம்பும் மென்பொருள் படத்தை ஒன்றரை மணி நேரம் கழித்து நீங்கள் போன இடத்தில் வைக்கும். இப்போது வில்லுக்குறியில் விழுவது அப்போது மார்த்தாண்டத்துக்குப் போய்விடும்.

இதற்கும் மேலே விநாடிப் பிசகு இருக்கிறது. கேமரா கடிகாரம் நாள்போக்கில் நகரும். பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நிமிடத்துக்கு 660 மீட்டருக்கு மேல். நடந்தால் 80 மீட்டர் சுமார். அதனால் காலையில் கிளம்பும்போது, விநாடி காட்டும் கடிகாரத்தைப் போனில் திறந்து, அதை டிஎஸ்எல்ஆரில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் அந்தப் படத்தின் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிஜிகேமில் டைம் ஸோனுக்குப் பக்கத்தில் உள்ள ஆஃப்செட் கட்டத்தில் கொடுக்கலாம். ஒன்று கவனம்: டைம் ஸோனில் ஒன்றரை மணியைச் சரிசெய்துவிட்டு ஆஃப்செட்டிலும் அதே ஒன்றரை மணியைச் சேர்த்துவிடாதீர்கள்.

டிராக் பதிவுக்கு ஜிபிஎஸ்லாகர் அல்லது ஆஸ்மேண்ட் எதுவானாலும் சரி. ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்தச் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போனைச் சட்டைப்பையில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்டு அதை உறங்க வைத்துவிடும். டிராக்கில் இரண்டு ஊருக்கு நடுவே நேர்க்கோடு விழும். இன்டர்போலேட் (இரண்டு புள்ளிக்கு நடுவே இடத்தை ஊகிக்கும்) தேர்வு போட்டிருந்தால் டிஜிகேம் அந்தக் கோட்டின் நடுவில் படத்தை அழகாக ஒட்டிவிடும், பிழை என்றே தெரியாது. நான் என்றால் இன்டர்போலேட் இல்லாமல், அதிகபட்ச இடைவெளியை 60 விநாடி வைத்துப் பொருத்துவேன். ஒட்டாமல் நிற்பதைக் கையால் வைப்பது, தப்பாக ஒட்டியதைத் தேடுவதைவிட எளிது.

தோவாளைப் பூக்கடை:

எதுக்கு இவ்வளவு பாடு? ஜிபிஎஸ் மேப் கேமரா போட்டு எடுங்க. படத்துக்குக் கீழேயே மேப்பு, ஊர், தேதி எல்லாம் அச்சாகி வருது. வாட்ஸாப்ல அனுப்பினாலும் போகாது. பஞ்சாயத்துல, பேங்குல எல்லாம் அதைத்தானே கேக்காங்க.

முட்டம் கலங்கரை:

பூக்கடை அண்ணாச்சி சொல்வது ஆபீசில் ஒரு படம் காட்டுவதற்குச் சரி. அட்டவணைக்கு ஆகாது. அந்த முத்திரை படத்தின் மேல் வரைந்த எழுத்து, அவ்வளவுதான். மேப் மென்பொருள் அதை வாசிக்காது. ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கையால் தட்ட வேண்டும், திரும்பவும் 8.1058 கதைதான். கல்வெட்டையோ மதகின் அடிப்பகுதியையோ எடுத்தால் முத்திரை அதன் மேலேயே உட்காரும். முத்திரை வேண்டும் என்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், முத்திரை இல்லாத மூலப்படமும் தனியாகச் சேமியுங்கள்.

வாட்ஸாப் பற்றி: போட்டோவாக அனுப்பினால், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும்கூட, படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதும். எக்ஸிஃப் மொத்தமும் போய்விடும், எடுத்த நேரமும் சேர்த்து. வந்த பிறகு மீட்க வழியில்லை; எடுத்தவர் போனில் மூலம் இருந்தால் மட்டுமே உண்டு. ஆகவே இப்போதே எல்லோரிடமும் சொல்லுங்கள், இடம் போதவில்லை என்று யாராவது கேலரியைக் காலி செய்துவிடப் போகிறார்கள்.

அனுப்பும் வழிகளில் எனக்கு முதல் நம்பிக்கை யுஎஸ்பி கேபிள். அடுத்தது வாட்ஸாப்பில் டாக்குமென்டாக, பைல் மேனேஜரிலிருந்து எடுத்து அனுப்புவது. இணையப் படிவம் வழியாக ஏற்றச் சொன்னால் கவனம்: 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், படத்தின் இடத்தைப் படிக்கச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாத செயலியின் கைக்குப் படம் போகும்போது போனே இடத்தை நீக்கிக் கொடுக்கும். கேலரியில் பார்த்தால் இடம் இருக்கும், ஏறிய படத்தில் இருக்காது. அனுப்புகிறவர் மேல் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் ஒரே ஒரு படம் அனுப்பச் சொல்லி, கணினியில் திறந்து இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியை வாங்க வேண்டும். ஐபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே ஆப்ஷன்ஸ் என்று சிறிதாக இருக்கும், அதற்குள் லொக்கேஷன் அணைந்திருந்தால் இடம் போகாது.

கூகுள் போட்டோஸில் கையால் இடம் சேர்த்தவர்கள் இருக்கிறார்களா? அது கூகுளின் கணக்கில் மட்டும் இருக்கும், படத்தை இறக்கினால் பைலுக்குள் வராது. டேக்அவுட் (கூகுளில் உள்ளதை மொத்தமாக இறக்கும் வசதி) வழியாக எடுத்தால் பக்கத்தில் ஒரு ஜேசன் பைலில் தனியாக வரும்.

வள்ளியாறு:

குடைவரையும் உயரமும் மிச்சம் இருக்கிறது.

பாறைக்குள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. போன் என்ன செய்யும்? கடைசியாகத் தெரிந்த இடத்தை எழுதிவிட்டுப் போகும். சிதறாலில் உங்களுக்கு நடந்தது இதுதான். இதைப் படத்தை வைத்தே பிடிக்கலாம். எக்ஸிஃபில் இரண்டு நேரம் இருக்கும்: படம் எடுத்த நேரம் நம் ஊர் மணியில், ஜிபிஎஸ் நேரம் யுடிசியில். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் நேரம் என்பது அந்த இடம் அளக்கப்பட்ட நேரம். 11:42-க்கு எடுத்த படத்தில் ஜிபிஎஸ் நேரம் 06:12 அளவில் இருக்க வேண்டும். 05:48 என்று இருந்தால் அந்த இடம் 24 நிமிடம் பழையது. வித்தியாசம் ஐந்தரை மணியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகும் படங்களை எல்லாம் எக்செலில் சிவப்பாக்கிவிடுங்கள்.

குடைவரை, கல்மண்டபத்துக்குப் பழக்கம் இப்படி இருக்கட்டும். வெளியே வானம் தெரியும் இடத்தில் நின்று, மேப் செயலியைத் திறந்து, நீல வட்டம் சுருங்கும் வரை பொறுத்து, வாசலை ஒரு படம். பிறகு உள்ளே. கணினியில் டிஜிகேமின் அதே ஜியோலொக்கேஷன் ஜன்னலில் வாசல் படத்தின் இடத்தை காப்பி செய்து, உள்ளே எடுத்தவற்றில் பேஸ்ட் செய்யலாம்.

பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கம் டவர் இல்லாத இடங்களில் முதல் இடம் கிடைக்கத் தாமதம் ஆகும். டவர் இருந்தால் செயற்கைக்கோள் விவரத்தை இணையத்தில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளே 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புவதை விட்டுப்போகாமல் பிடிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குள் நடந்துகொண்டே பிடிக்க முயன்றால் இலைமறைவில் அறுந்து அறுந்து போகும். குலசேகரத்திலேயே லொக்கேஷனை ஆன் செய்து மேப்பைத் திறந்து வைத்துவிட்டு மேலே ஏறுங்கள்.

யாருடைய போனிலாவது வேறு வேறு குளம் எல்லாம் ஒரே சுற்றுவட்டாரத்தில் தாறுமாறாக விழுகிறதா? கேமரா செயலிக்கு லொக்கேஷன் அனுமதியில் பிரிசைஸ் அணைந்திருக்கும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து தோராய இடம் என்ற தேர்வு உண்டு, அது சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கேயாவது என்றுதான் சொல்லும்.

உயரம்: போன் ரிப்பேர் இல்லை. ஜிபிஎஸ் அளப்பது பூமியின் கணித வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரத்தை, கடல் மட்டத்திலிருந்து அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால் அங்கே கடல்மட்டமே அந்தக் கோளத்துக்கு 106 மீட்டர் கீழே இருக்கிறது, உலகிலேயே ஆழமான பள்ளம் அது. கன்னியாகுமரி அதன் விளிம்பில் இருப்பதால் நமக்கு 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். பல ஆண்ட்ராய்டு போன்கள் அந்த எண்ணைத் திருத்தாமல் எழுதும். ஐபோன் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றி எழுதும். இரண்டும் கலந்த அட்டவணையில் ஒரே குளத்துக்கு இரண்டு உயரம் வரும். போதாததற்கு, கடல்மட்டத்துக்குக் கீழே என்பதும் தனி டேக்; அதைக் கவனிக்காத மென்பொருள் கடற்கரையை 92 மீட்டர் குன்றாக்கிவிடும். என் கருத்து, உயரத்துக்கான பத்தியையே எடுத்துவிடுங்கள். குளத்துக்கு அது தேவையானால் வரைபடத்திலிருந்து எடுங்கள்.

குளத்தங்கரை:

அனைவருக்கும் நன்றி. கடலில் கிடந்த 8.1058 வகை வரிகள் எல்லாம் ஒரே ஆள் அனுப்பியவை, விண்டோஸ் பார்த்துத் தட்டியவைதான். டைம் ஸோன் +04:00 கொடுத்ததும் தக்கலைப் படங்கள் தக்கலைக்கே வந்துவிட்டன.

இன்னும் இரண்டு கேள்வி. படத்துக்குள்ளேயே ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால் சில மென்பொருளில் கேள்விக்குறிகளாக வருகிறது. படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற எண்ணம். கேட்பாரற்றுக் கிடக்கும் சிலைகள் சிலவற்றின் இடத்தை வெளியிடத் தயக்கமாக இருக்கிறது. எப்படிச் செய்யலாம்?

ஒழுகினசேரி:

தமிழ் கேள்விக்குறியாவது எக்ஸிஃபின் பழைய விதியால். படக்குறிப்பு டேக் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துக்கு மட்டும் என்றே 2023-இல் எக்ஸிஃப் 3.0 வரும்வரை இருந்தது. அதனால் தமிழை எக்ஸ்எம்பி என்ற, யுனிகோடை ஏற்கும் வேறு குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். டிஜிகேமில் கேப்ஷன் கட்டத்தில் எழுதினால் எக்ஸ்எம்பியிலும் போய்விடும்.

ஐபிடிசி என்ற இன்னொரு பழைய குறிப்புப் பகுதியில் ஊர்ப்பெயர் எழுதும்போது வேறொரு வேடிக்கை. நகரம் என்ற கட்டத்துக்கு 32 பைட்தான் இடம். யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக, 3 பைட். குளச்சல் 8 குறியீடு, 24 பைட், அடங்கும். நாகர்கோவில் 11 குறியீடு, 33 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். விதியைக் கறாராகப் பின்பற்றும் மென்பொருள் வெட்டும்போது கடைசிப் புள்ளி உடைந்து, நாகர்கோவில என்றும் பக்கத்தில் ஒரு குப்பைக் கட்டமும் நிற்கும். திருவட்டாறும் அதே 33 பைட்தான். ஐபிடிசியைத் தொடாமல் விடுவதே மேல்.

வெளியிடுவதற்கு: இரண்டு தொகுப்பு வையுங்கள். மூலம், எல்லா விவரத்தோடும், இரண்டு ஹார்டு டிஸ்கில், யாரும் கைவைக்காமல். வெளியே போவது தனி நகல். காமன்ஸ் படத்தின் எக்ஸிஃபை நீக்காது, பக்கத்தின் அடியில் அட்டவணையாகவே காட்டும். ஆகவே சிலைப் படங்களின் நகலில் ஏற்றும் முன்பே இடத்தை நீக்க வேண்டும், ஏற்றிய பிறகு அல்ல. பழைய பதிப்பும் அங்கே வரலாற்றில் நிற்கும். முழுவதும் நீக்க மனமில்லை என்றால் இரண்டு தசமத்துக்குச் சுருக்குங்கள், புள்ளி ஒவ்வொரு திசையிலும் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை விலகலாம். ஆனால் பைல் பெயரிலும் குறிப்பிலும் வயல் பெயரை எழுதிவிட்டு எண்ணை மட்டும் சுருக்கிப் பயன் இல்லை. எக்ஸிஃபில் நீக்கினால் எக்ஸ்எம்பியிலும் இடம் தங்கியிருக்கலாம், இரண்டையும் பாருங்கள். படத்தை வெட்டியிருந்தால் உள்ளே பொதிந்த சிறுபடம் வெட்டாத பழைய படமாகவே இருக்கும் மென்பொருள்களும் உண்டு.

குளங்களுக்கு ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கச் சொல்வேன். போட்டோவில் இருப்பது நீங்கள் நின்ற இடம். குளத்தின் இடம் அல்ல. கரையில் நின்று எடுத்தால் புள்ளி கரையில், சில நேரம் ரோட்டில் விழும். கரையிலிருந்து திருவள்ளுவர் சிலையை எடுத்தால் புள்ளி பாறையில் விழாது, மணலில்தான் விழும். காமன்ஸிலும் கேமரா இருந்த இடத்துக்கு ஒரு வார்ப்புரு (டெம்ப்ளேட்), பொருள் இருக்கும் இடத்துக்கு வேறொரு வார்ப்புரு. பெரிய குளத்தை நான்கு கரையிலிருந்தும் எடுத்திருந்தால் நான்கு குளமாக எண்ணப்படும் ஆபத்து இருக்கிறது, மதகை வைத்து ஒரே எண் கொடுங்கள்.

கோதையாறு பைக்:

ஒழுகினசேரி சொன்ன இரண்டு தொகுப்பில் ஒரு திருத்தம். டிஎஸ்எல்ஆரில் ரா பைலாக (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பைல்) எடுத்திருந்தால் டிஜிகேம் சாதாரணமாக அதற்குள் எழுதாது. அமைப்பில் மெட்டாடேட்டா பகுதியில் சைட்கார் தேர்வைப் போட்டால், பக்கத்தில் அதே பெயரில் ஒரு எக்ஸ்எம்பி பைல் உருவாகி, ஒட்டிய இடம் அதில் இருக்கும். பைல் மேனேஜரில் ரா பைலின் பெயரை மட்டும் மாற்றினாலோ, ஹார்டு டிஸ்குக்கு ரா பைலை மட்டும் நகலெடுத்தாலோ இடம் தொலைந்தது. பெயர் மாற்றுவதை டிஜிகேமுக்குள்ளேயே செய்யுங்கள், ஜிபிஎக்ஸ் டிராக்குகளையும் அதே போல்டரில் தேதி போட்டு வையுங்கள்.